ஓலைத் துளையில் மண் வைத்த தேனீ

மங்கலம் பெருகுக. அலைவாய் காக்கும் கோமான், முத்துக்குடைச் செல்வர், புன்னைத்துறை மன்னர் திரையடக்கிய பெருமாள் திருமுன்னர், வெட்சிக்கோட்டு மன்னர் நெடுங்கோளரியின் ஆணையால் அமைச்சர் காரி பேரயன் எழுதுவிக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் உப்பளங்களில் மட்டும் மழை பொய்க்க. சென்ற திங்களில் இந்நாட்டு யானைகள் எழுபதும் முகபடாம் அணிந்து தங்கள் எல்லையில் ஒரு பகல் நின்றதன் காரணத்தைத் தெரிவிப்பது கடமை ஆதலின், நடந்தது நடந்தபடி எழுதப்படுகிறது.

தங்கள் தூதர் ஆச்சன் பொதுவன் நாற்பது ஏடு கொண்ட ஓலைக்கட்டுடன் வந்தபோது மன்னர் பூநோன்பில் இருந்தார். நோன்பின் ஒன்பது நாளும் அவர் எழுத்தைத் தொடமாட்டார். வரும் ஓலைகளைப் பூந்தோட்டத்துப் பந்தற்காலில் தொங்கவிடுவது இங்கு வழக்கம். பத்தாம் நாள் கட்டை இறக்கியபோது நடுத்துளையில் கயிறு இருந்தது. வலத்துளை வெறுமையாக இருந்தது. இடத்துளையில் மண் அடைத்திருந்தது. துளையில் மண் அடைத்த ஓலை போர் ஓலை என்பதும், கட்டைப் பிரித்து அம்மண்ணை உடைப்பவர் போருக்கு இசைந்தவர் என்பதும் இரு நாட்டுக்கும் பொதுவான மரபு.

படைத்தலைவர் மள்ளன் விடங்கன் பதினோர் ஆண்டுகளாகப் போரைக் கண்ணால் காணாதவர். அவர் முகம் மலர்ந்ததைக் குற்றமாகக் கொள்ளலாகாது. எவரும் கேட்குமுன் யானைகளை எல்லைக்கு அனுப்பிவிட்டார். உச்சிப்பொழுதில் முரசறைவது, அதற்குமுன் தூதரின் தலையில் ஐந்து குடுமி வைத்துச் சிரைத்துக் கழுதைமேல் ஏற்றுவது என்று அவை முடிவு செய்தது. தாம் கொண்டுவந்தபோது துளைகள் தூயனவாகவே இருந்தன என்று தூதர் மும்முறை ஆணையிட்டுச் சொன்னார். நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டக் கண்காணி காடன் கொற்றி பூக்கூடையை வைத்துவிட்டுப் போக வந்தவள். போகிற போக்கில் அந்த மண்ணைப் பார்த்தவளுக்குக் கால் நகரவில்லை. விரல் தடமே இல்லாமல் விளிம்புவரை வழித்த இந்த மண்ணை அவள் பந்தல் மூங்கிலிலும், கருவூலச் சாவித்துளையிலும், யாரோ மறந்துவிட்டுப் போன புல்லாங்குழலிலும் கண்டிருக்கிறாள். அவையில் வாய் திறக்கும் உரிமை அவளுக்கு இல்லை. ஆயினும் தூதரின் தலையையும் கத்தியையும் மாறிமாறிப் பார்த்தாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“இது அந்த நாட்டு மன்னர் வச்ச மண் இல்லீங்க. தேனீ வச்சது.”

தேனீக்குக் கூடு உண்டு, ராணி உண்டு, படை உண்டு, மண்ணோடு அதற்கு என்ன வேலை என்று படைத்தலைவர் சிரித்தார்.

“இதுக்குக் கூட்டமும் இல்லை, ராணியும் இல்லீங்க. தனிக்குடித்தனம். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்குத் தானே வீடு பாத்து, சோறு வச்சு, கதவைச் சாத்திட்டுப் போயிடுவா.”

தலைவன் இல்லாமலே ஒரு குலம் ஒழுங்காக நடக்கிறது என்ற செய்தி படைத்தலைவருக்குப் பெரும் துரோகமாகப் பட்டது. மண்ணை உடைத்துக் காட்ட வழியில்லை, உடைத்தால் போர். எனவே, வலத்துளை இன்னும் காலியாக இருப்பதால் கட்டை மறுபடி பந்தற்காலிலேயே தொங்கவிட வேண்டும் என்றும், ஓர் அறையை முடித்தவள் அடுத்ததற்கு வருவாள் என்றும் கொற்றி விண்ணப்பித்தாள். உச்சிப்பொழுதுவரை மன்னர் தவணை அளித்தார். அவையோர், முரசறைவோர், நாவிதர், கழுதை, அனைவரும் துளசிப் பாத்தியருகே குந்தினர்.

முதலில் மஞ்சள் வரி போட்ட ஒன்று அந்தரத்தில் நின்றது. இதோ தேனீ, மண் எங்கே என்றார் படைத்தலைவர். அது தேனீ வேடம் போட்ட ஈ, இறகு இரண்டே, முகமெல்லாம் கண் என்றாள் கொற்றி. அடுத்து வாலில் நீலப் பட்டை கட்டிய ஒன்று கத்தரிப்பூவைப் பிடித்து உலுக்கியது. அது தேனீதான், ஆனால் தரையில் வளை தோண்டுவது. பின்னர் ஒருத்தி வட்டமாக நறுக்கிய பச்சை இலையோடு மூங்கிலுக்குள் நுழைந்தாள்; அவளும் தேனீதான், ஆனால் மண்ணால் அன்றி இலையால் அறை கட்டுபவள். அமைச்சர் இடுப்பு நூலாய்ச் சிறுத்த ஒன்றைக் காட்டினார். அது புழுவைத் தூக்கிப் போகும் குளவி என்றும், தேனீ பூந்தாது அன்றி வேறு சோறு வைக்காது என்றும் கொற்றி சொல்ல, அமைச்சர் அதன்பின் எதையும் காட்டவில்லை.

நிழல் காலடிக்கு வந்துவிட்டது. முரசறைவோர் எழுந்து கோலைக் கையில் எடுத்தனர். கொற்றிக்குத் தொண்டை வறண்டது. அப்போதுதான் பாத்தியும் வறண்டிருப்பது கண்ணில் பட்டது. காலையிலிருந்து அவையோரோடு நின்றதால் அவள் நீர் விடவில்லை. ஈரமண் இல்லாமல் கொத்துவேலை எப்படி நடக்கும்? ஓடிப்போய் ஒரு குடம் நீரை வாய்க்காலில் கவிழ்த்தாள்.

எல்லோரும் கொற்றியைப் பார்க்க, படைத்தலைவர் ஒருவரே பந்தற்காலைப் பார்த்தபடி இருந்தார்.

“நாலு இறகு. வயித்தடியில மஞ்சள். வாயில மண்ணு,” என்றார் அவர், மூச்சுக்கூட விடாமல். “இவதான். யாரும் அசையாதீங்க.”

வலத்துளைக்குள் நுழைந்த அந்தக் கரிய சிறியவள் மண்ணை வைத்துவிட்டு மறுபடி வாய்க்காலுக்குப் பறந்ததை எழுபத்திரண்டு பேர் கண்டனர். முரசு இறங்கியது, யானைகளைத் திருப்பக் குதிரை ஓடியது. தீட்டிய கத்தியால் நாவிதர் தங்கள் தூதருக்கு முகச்சவரம் மட்டும் செய்தார். படைத்தலைவர் இப்போது காலைதோறும் கத்தரிப் பாத்தியில் காணப்படுகிறார்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியுள்ளது. இரு துளைகளும் இப்போது அடைபட்டுள்ளன. எவர் பூசிய மண்ணாயினும் உடைத்தால் போர் என்னும் மரபை மீற மன்னர் விரும்பவில்லை. குஞ்சுகள் வளர்ந்து உள்ளிருந்து தாமே உடைத்து வெளிவந்தால் பழி எவருக்கும் இல்லை என்கிறாள் கொற்றி. அதற்கு எத்தனை திங்கள் என்று கேட்டால் அவற்றின் விருப்பம் என்கிறாள். ஓலையின் பொருள் தமக்குச் சொல்லப்படவில்லை என்கிறார் தூதர். ஆகவே தாங்கள் எழுதியது இன்னதென்று இங்கு எவருக்கும் தெரியாது.

இவ்வோலை, மூன்று துளையிலும் கயிறு கோத்து, செவ்வரக்கில் வெட்சிப்பூ முத்திரை இட்டு, தங்கள் தூதர் கையிலேயே விடுக்கப்படுகிறது. மன்னர் திருவாய்மொழிந்த ஆணை: தங்கள் ஓலையில் கேட்டிருப்பது எதுவாயினும், போர் ஒன்று நீங்கலாக, இசைவு என்று கொள்க.