மூன்றாம் பாகம் வரும் வரை

ஜூலை 8, 2025 - செவ்வாய்

ஏனாத்தூர் கல்லூரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ‘தூண்விட்டு வந்தவன்’ இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். எத்தனையாவது முறை என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

கோயில் தூணிலிருந்து இறங்கி வந்த யாளி வேழன், சிற்பியின் மகள் தழலிக்காக மனிதனாகவே இருந்துவிடலாம் என்று முடிவெடுக்கும்போது மண்டபம் விரிசல் விடுகிறது. தூண் காலியாக இருந்தால் கூரை சரிந்து ஊர் அழியும். அவன் திரும்பிப் போய்த் தூணில் ஏறிக் கல்லாகிறான். ஒரு கண்ணை மட்டும் கல்லாக விடாமல் திறந்து வைத்திருக்கிறான், அவளைப் பார்ப்பதற்காக. அங்கே நிறுத்திவிட்டார் எழுதினவர். ஒன்றரை வருஷமாக அந்தக் கண்ணையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், தாழைமதியிடமிருந்து மெசேஜ்! எழுதினவரேதான்! ‘மை வாசனை’ பக்கத்தில் நான் போடுகிற வீடியோக்களை எல்லாம் பார்க்கிறாராம். மூன்றாம் பாகத்தின் வெளியீடு ஆகஸ்ட் பத்தாம் தேதி, நம் ஊரிலேயே. “வாசகர்கள் சார்பாக நீங்கள் பேச வேண்டும். உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டிருந்தார்.

சித்தாரா என்று அடித்து அனுப்பினேன். பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் என் முகம் கிடையாது. கை, புத்தகம், குரல், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. மேடையில் ஏறினால் தெரிந்துவிடுமே? அதை அப்புறம் யோசிக்கலாம். இன்றைக்கு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூலை 12 - சனி

வகுப்பில் கூடப் படிக்கும் யுவன் என் வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறான்: “இது நம்ம சித்தாரா வாய்ஸ் ஆச்சே! சூப்பர்பா.” நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறான். ஆனால் இனி எல்லாருக்கும் என் பெயர் தெரியும்.

ஜூலை 14 - திங்கள்

போனைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

அந்த வீடியோவில் நான் சொன்னது இவ்வளவுதான். நாவலில் கொற்றி என்று ஒரு ஊர்த்தெய்வம் வருகிறாள். வேழன் மேல் அவளுக்கும் ஆசை. அவன் தழலியோடு போவதைப் பார்த்து அழுவாள். “தெய்வமா இருந்தாலும் காதல்னு வந்துட்டா நம்மள மாதிரிதான் தவிக்கும்” என்றேன். போன மாதம் இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதயமாக அனுப்பினார்கள். இப்போது என் பெயர் தெரிந்ததும் அதே வரி வேறு மாதிரி கேட்கிறது போலிருக்கிறது. “உன் சாமியைப் பத்திப் பேசு.” “இவளுக்கு எங்க கோயில்ல என்ன வேலை?” இதெல்லாம் கொஞ்சம் மரியாதையானவை. மற்றதை இங்கே எழுத மாட்டேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிரியதர்ஷினி நோட்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “வீடியோவைத் தூக்கிடு சித்து. ரெண்டு நாள்ல எல்லாம் மறந்துடுவாங்க.”

தூக்கினால் நான் தப்பாகப் பேசினேன் என்று ஆகாதா? தப்பாகவா பேசினேன்? எழுதினவரே அப்படித்தானே எழுதியிருக்கிறார்?

தூக்கவில்லை.

ஜூலை 18 - வெள்ளி

வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

தன்வீர் அண்ணன் ஜும்மா தொழுகை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான். எங்கள் வீட்டில் பேச்சு உருதுதான், அம்மாவும் எங்களுக்கு அம்மிதான்; இங்கே எழுதுவது மட்டும் தமிழ். ஆனால் கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வந்துவிடும்.

“பள்ளிவாசல்ல நிறுத்தி வெச்சுக் கேக்கறாங்க. உன் தங்கச்சி கோயில் கதை சொல்லிக்கினு இருக்காளாமேன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“கதைன்னு சொல்லு.”

“கதைதான். யாரோட கதை?”

“நான் காசு குடுத்து வாங்கின கதை.”

அம்மி நடுவில் வந்து, படிக்கத்தானே அனுப்பினோம், இதற்கா அனுப்பினோம் என்று அழுதாள். நானும் அழுதேன். அண்ணன் அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: “எனக்கு ஒண்ணும் இல்ல சித்து. இவங்களும் திட்டுவாங்க, அவங்களும் திட்டுவாங்க. ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கப் போறது அப்பாதான்.”

அது உண்மை. அப்பாவின் ஜரிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள். கைலாசம் மாமா நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே எங்களிடம்தான் ஜரிகை வாங்குகிறார். இன்றைக்கு அவர்தான் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்: “என்ன பாய், பாப்பா ஏதோ பேசிச்சாமே?”

அப்பா என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. வந்தார். கை கழுவினார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 20 - ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா கூப்பிட்டார். “அந்தப் புத்தகத்தை எடுத்துக்கினு வா.”

கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பிழைக்கட்டும் என்று.

“படி,” என்றார்.

“என்னது?”

“ஊரே கேக்குது, உன் பொண்ணு என்ன பேசினான்னு. எனக்கே தெரியல. நான் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது போயிடும். நீ படி.”

படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேழன் தூணிலிருந்து இறங்கும் இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இரு. அவன் இறங்கிட்டான்னா தூண் மொட்டையாத்தானே இருக்கும்? காலைல பூஜைக்கு வர்றவன் பாக்க மாட்டானா?”

“அதுதான் அடுத்த அத்தியாயம் அப்பா.”

“சரி, படி.”

குளக்கரையில் இரண்டு பேரும் முதன்முதலாகத் தனியாக இருக்கும் பக்கம் வந்தது. சேர்த்துத் திருப்பிவிட்டேன்.

“என்ன, ரெண்டு பக்கமா திருப்பறே?”

“ஒட்டிக்கினு இருக்குது அப்பா.”

அப்பா மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டார். “ஒட்டிக்கினே இருக்கட்டும். மேல படி,” என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அம்மி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 23 - புதன்

கொற்றி அழும் பகுதியை இன்று படித்துக் காட்டினேன். அப்பா கேட்டார்: “இதுக்கா இவ்ளோ சத்தம்?” அப்புறம் அவரே, “அவங்களுக்குக் கோவம் இந்தக் கதை மேல இல்ல,” என்றார்.

ஜூலை 29 - செவ்வாய்

கல்லூரி விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நன்றாகச் சிரித்துக்கொண்டு.

“பத்தாம் தேதி விழாவுல உங்க பொண்ணு பேசறதா அழைப்பிதழ்ல போட்டிருக்குது. வேணாம்னு சொல்லுங்க பாய். நல்லதுக்குத்தான் சொல்றோம்.”

நான் அங்கேயே நிற்கிறேன். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. யார் என்று தெரியாமலா? தெரிந்துதான்.

அப்பா, “தண்ணி குடிங்கப்பா,” என்றார். குடித்தார்கள். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. திட்டியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்கப்புறம் அப்பா ஜரிகை நூல்கண்டுகளை எடுத்து அடுக்கினார். அசலும் போலியும் வேறு வேறு தட்டில்தான் வைப்பார். இன்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டார். நான் பிரித்து வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 1 - வெள்ளி

பஸ்ஸில் யார் திரும்பிப் பார்த்தாலும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். எல்லாருக்குமா என்னைத் தெரியும்? முகமே காட்டவில்லையே நான்.

ஆகஸ்ட் 4 - திங்கள்

தாழைமதி குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். மூன்று தடவை கேட்டேன்.

“சித்தாரா, கோச்சிக்காதம்மா. மண்டபத்துக்காரங்க பயப்படறாங்க. பதிப்பாளரும் வேணாம்ங்கறார். புத்தகம் வெளிய வரணும் இல்ல? இந்த ஒரு தடவை விட்டுக்குடு. உன் இடத்துல ஒரு பேராசிரியர் பேசறார்.”

விட்டுக்கொடு. யாருக்கு? எதை? ஊரே எதிர்த்து நின்றபோது தழலி உளியைக் கீழே போடவில்லையே. அதை எழுதின கையா இது? நான் பாட்டுக்கு பஸ்ஸில உக்காந்து படிச்சுக்கினு இருந்தேன். நீங்கதானே மேடம் கூப்டீங்க? நானா கேட்டேன்?

“சரி மேடம்” என்று மட்டும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5 - செவ்வாய்

அப்பாவுக்குப் படித்து முடித்த இரண்டு பாகத்தையும் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9 - சனி

விழாவுக்குப் போகவில்லை என்று சாப்பிடும்போது சொன்னேன். அம்மி, அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அண்ணனும் தலையாட்டினான்.

அப்பா மட்டும், “மூணாவது பாகம் வேற எங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

“ஆன்லைன்ல வரும். ஒரு வாரம் ஆகும்.”

“நாளைக்கே அங்க விக்கறாங்க இல்ல?”

“அப்பா, பேசக் கூடாதுன்னு கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க.”

“பேசத்தானே கூடாதுன்னாங்க? வாங்கக் கூடாதுன்னு சொல்லலியே.”

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சுக்குது.” வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, “எத்தினி மணிக்கு?” என்றான்.

ஆகஸ்ட் 10 - ஞாயிறு

நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி யாளி படம் போட்ட பை மாட்டியிருந்தாள். அண்ணன் வெளியே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். நானும் அப்பாவும் கடைசி வரிசை. கடைக்கு வந்த இரண்டு பேரும் வாசல் பக்கம் நின்றிருந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்த்ததும் நேராக வந்தான்.

“என்ன பாய், நீங்க எங்க இங்க?”

அப்பா நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு நாற்காலியைக் காட்டினார். “கதை என்ன ஆச்சுன்னு பாக்க வந்தேன்பா. ஒத்தக் கண்ணோட நிக்கறான் அவன். நீ படிச்சியா?”

அவன் நாற்காலியைப் பார்த்தான். போய் மறுபடியும் வாசலில் நின்றுகொண்டான்.

என் இடத்தில் பேசிய பேராசிரியர் வேழனை ‘வேலன்’ என்றார். ஒருமுறை இல்லை, கடைசி வரைக்கும். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் “ஐயோ” என்று ஒரு முனகல். நான் பேசியிருக்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

புத்தகம் வாங்கிக் கையெழுத்து வரிசையில் நின்றேன். தாழைமதி நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். களைத்திருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

“பேர் என்னம்மா?”

“சித்தாரா.”

பேனா நின்றது. நிமிரவில்லை.

“நீ பேசின வீடியோவைத்தான் மூணாம் பாகம் எழுதறப்ப திரும்பத் திரும்பக் கேப்பேன்,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“அப்புறம் ஏன் மேடம்?”

“பயந்துட்டேன்.”

“நானும்தான் பயந்தேன்,” என்றேன். “வந்தேன் இல்ல?”

பின்னாலிருந்து யாரோ, “சீக்கிரம்பா,” என்றார்கள். அவர் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். புத்தகத்தை உடனே விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நானாகத்தான் இழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13 - புதன்

படித்து முடித்துவிட்டேன்.

நன்றாக இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நன்றாக இருக்கிறது. நடுவில் போர்க்களக் காட்சி இழுக்கிறது, அது வேறு விஷயம். கடைசி ஐம்பது பக்கம்... மூச்சு விட முடியவில்லை. பயந்து ஒதுங்குகிற ஒரு மனுஷிக்குள்ளிருந்து இப்படி ஒரு தழலி எப்படி வந்தாள்? அந்தக் கோபத்திலேயே திரும்ப முதல் பக்கத்துக்குப் போனேன்.

ஆகஸ்ட் 16 - சனி

வீடியோ எடுத்தேன். இந்தத் தடவை முகத்தோடு.

அப்பா, “யோசிச்சுத்தான் பண்றியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அண்ணன் போனை நேராகப் பிடித்துக்கொண்டான். அம்மி என் தோளிலிருந்து துப்பட்டாவை உருவினாள். “மூஞ்சி காட்றதுன்னு ஆயிடுச்சு. கசங்கினதைப் போட்டுக்கினா காட்டுவாங்க?” இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.

என் பெயரைச் சொன்னேன். விழாவில் நான் பேசுவதாக இருந்தது, பேச விடவில்லை, அதனால் இங்கே பேசுகிறேன் என்றேன். புத்தகத்தில் எது பிடித்தது, எங்கே இழுக்கிறது, கொற்றி ஏன் எனக்கு இவ்வளவு வேண்டியவள், எல்லாம் சொன்னேன். முடிவை மட்டும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18 - திங்கள்

திட்டுகிறவர்கள் திட்டுகிறார்கள். இரண்டு பக்கமும்தான். கைலாசம் மாமா இந்த வாரம் கடைக்கு வரவில்லை. வேலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாழைமதி வீடியோவைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 21 - வியாழன்

காலை பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். அம்மி வயதில் ஒரு பெண், மடியில் சாப்பாட்டுக் கூடை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோதும் கண் எடுக்கவில்லை. போனில் என் வீடியோவைப் பார்த்திருப்பாள். என்ன சொல்லப் போகிறாள்? அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“சித்தாராதானேமா நீ?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் கூடைக்குள் கைவிட்டு டிபன் டப்பாவுக்குக் கீழேயிருந்து, செய்தித்தாளில் அட்டை போட்ட மூன்றாம் பாகத்தை எடுத்தாள். பஸ் டிக்கெட் ஒன்று நடுப்பக்கத்தில் செருகியிருந்தது.

“நான் பாதிலதான் இருக்கறேன். அவன் இறங்கி வருவானா மாட்டானான்னு மட்டும் சொல்லிடாத கண்ணு. மத்ததெல்லாம் பேசலாம். உக்காரு.”

பக்கத்திலிருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லி எனக்கு இடம் பண்ணினாள். கொற்றி பாவம் என்றாள் அவள். தழலிதான் பாவம் என்றேன் நான். பெரிய சண்டை. கல்லூரி நிறுத்தம் எப்போது போனது என்றே தெரியவில்லை. அடுத்ததில் இறங்கி நடந்தேன்.