ஒப்பந்தத்தில் இல்லாத தலாக்

வேட்டே, பெம்பாத் தீவு
12 ஜூலை 2010

ஹமதின் அம்மாவுக்கு ஸலாம்.

நான் நலம், இடுப்பு மட்டும் எதிர்க்கட்சியில் இருக்கிறது.

எங்கள் தலைவரும் உங்கள் தலைவரும் கைகோத்துவிட்டார்கள். இனி எவர் ஜெயித்தாலும் இருவரும் சேர்ந்தே ஆட்சியாம். மக்கள் சம்மதமா என்று மாதக் கடைசியில் வாக்கெடுப்பு. உங்கள் கட்சிக்காரன் என்பதால் நான் பதினைந்து வருஷமாக மீன் வாங்காத ஷாமே, நேற்று வலியக் கூப்பிட்டான். "வா மச்சான், இனி நாமெல்லாம் ஒண்ணு" என்று கட்டிப்பிடித்து, முந்தாநாள் மீனை என் தலையில் கட்டினான்.

போன தேர்தலில் யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். நீ உண்மையைச் சொன்னாய், நான் தலாக் சொன்னேன். கிளைச் செயலாளன் வேறென்ன செய்வான்? பழசெல்லாம் ரத்து என்று இப்போது தலைவர்களே அறிவித்துவிட்டார்கள். தலாக்கும் அதில் அடக்கம் என்றே நினைக்கிறேன். பெட்டியோடு வந்துவிடு.

உன்
மக்காமே

சாக்கே சாக்கே, பெம்பாத் தீவு
1 ஆகஸ்ட் 2010

ஹமதின் அப்பாவுக்கு,

இடுப்புக்குக் கிராம்பு எண்ணெய் தேயுங்கள்.

ஒப்பந்தத்தில் மந்திரி நாற்காலிகளைப் பங்கு போட்டிருக்கிறார்கள். உங்கள் தலாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. தலாக்குக்குப் பின் நான் காத்திருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்தே நாலரை வருஷம் ஆகிறது. நான் இப்போது யாருடைய மனைவியும் அல்ல. வேண்டுமானால் முறையாகப் பெண் கேட்டு வரவேண்டும்.

நேற்று சாவடி வாசலில் உங்கள் கட்சிக்காரியும் எங்கள் கட்சிக்காரியும் தோளில் கைபோட்டு நின்றார்கள். "சம்மதம்னு போடு அக்கா" என்றார்கள், ஒரே குரலில். நான் சம்மதமில்லை என்று போட்டேன். சண்டை ஓய்ந்ததில் எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் இவர்கள் சண்டையில் உடைந்த வீடுகளுக்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நான் போட்ட வாக்கை ஒளித்துவைத்து உங்களோடு வாழ மாட்டேன். இதற்கும் ஒரு தலாக் சொல்லலாம் என்றாலும், மனைவியாக இல்லாதவளிடம் வழியில்லை, பாவம்.

ரிசிக்கி

வேட்டே
8 ஆகஸ்ட் 2010

ரிசிக்கி,

என்னை மன்னித்துவிடு. மூன்று தாள் கிழித்தபிறகு இந்த ஒரு வரிதான் மிஞ்சியது.

நேற்றுக் காப்பிக்கடையில் சொன்னேன்: "சம்மதமில்லைன்னு போட்ட பொம்பளையத்தான் நான் கட்டிக்கப்போறேன்." ஷாமேயும் எங்கள் கிளைத் தலைவர் கிழவரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். அவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை. செயலாளர் பதவியும் அங்கேயே போயிற்று. நான் இன்னொரு காப்பி சொன்னேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து உன் அண்ணனிடம் பெண் கேட்க வருகிறேன். முடியாது என்றாலும் உன் வாயால் சொல்.

மக்காமே
(கட்சி: தற்சமயம் இல்லை)