தாய்ப் பக்கம் காலி

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அஃப்ரித்துக்கு,

சாலமோன் எழுதுவது. ஷார்ஜாவில் நீ நலமாக இருப்பாய். நான் கோபமாக இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். முழுதும் படி.

மாடியில் இப்போது அறுபத்திரண்டு புறா. எது எதற்குப் பிறந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பந்தயப் புறாவின் முட்டையை எடுத்து வேறு ஜோடிக்கு அடைவைப்பது நாம் இருவரும் சேர்ந்து பழகிய வேலைதானே. பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் ஒருத்தி. பெற்றவள் யார் என்பது கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பழைய குறிப்பு ப்ரோகிராமில் மட்டும்தான் இருந்தது. ஒரே குறிப்பை அப்பன் பெயரின் கீழும் வைக்கலாம், தாய் பெயரின் கீழும் வைக்கலாம். பன்னிரண்டு வருஷம் அதைப் பார்த்துத்தான் ஜோடி போட்டோம். அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. அதற்கு உன்னைத் திட்டவில்லை.

ஆனால் விண்டோஸை விட்டு மேக்குக்கு வா என்று ஆறு மாதம் என் உயிரை வாங்கியது யார்? பழையது அதில் ஓடாது என்றதும், இதைவிட நல்லது இருக்கிறது என்று வேறொன்றைக் காட்டியது யார்? அங்கே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, "அல்லாம் வந்துட்ச்சி மாமு, பழச தூக்கிக் கடாசு" என்றாய். உன் பேச்சை நம்பிப் பழைய கம்ப்யூட்டரை டோல்கேட் காயலான் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எல்லாம் வரவில்லை, அஃப்ரித். புதியதில் ஒரு குறிப்புக்கு ஓர் இடம்தான். அப்பன் பக்கம் ஒழுங்காக வந்திருக்கிறது. தாய்ப் பக்கம் மொத்தமும் காலி. நீயும் திறந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

போன மாதம் நம் 417-ஆம் நம்பர் பெட்டையை, நாக்பூரில் விட்டால் மறுநாளே மாடியில் வந்து நிற்பாளே அவளை, ஓர் இளம் ஆணோடு சேர்த்தேன். திரையில் அதன் அப்பன் வேறு, இவளுடைய அப்பன் வேறு. சந்தேகமே வரவில்லை. இரண்டு குஞ்சு பொரித்தது. ஒன்று மூன்றாம் நாள் செத்தது. இன்னொன்றுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துகொண்டு போகின்றன, நிற்க முடியவில்லை. அந்த ஆணோடு பிறந்ததை முன்பு வாங்கிப்போன லியாகத் அலி பாய், விற்றபோது பழைய ப்ரோகிராமிலிருந்து நான் அச்சடித்துக் கொடுத்திருந்த தாளை எடுத்து வந்து காட்டினார்; அதில் தாய் 417. "இன்னாபா சாலமோன், தாயையும் புள்ளையையுமா ஜோடி போட்டு வச்சிகீற?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்.

இதைப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "வுடு மாமு, புறாதானே" என்றாய். முகத்தில் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். 417 முதல் பந்தயம் முடித்து இறங்கிய அன்று அவளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவன் நீ. அந்தக் குஞ்சுக்கு நான் இன்னும் சிரிஞ்சில்தான் தீனி கொடுக்கிறேன்.

இப்போது எல்லா ஆணையும் எல்லாப் பெட்டையையும் தனித்தனியாக அடைத்துவிட்டேன். கடைசி வருஷங்களுக்கு, வாங்கியவர்கள் வீட்டில் இருக்கும் தாள்களை வைத்துச் சமாளித்துவிடுவேன். முதல் நான்கு வருஷம் முட்டையை மாற்றியதும் நீ, குறிப்பைத் தட்டியதும் நீ. உட்கார்ந்து யோசி. எந்தக் குஞ்சுக்கு எது தாய் என்று கால் வளைய நம்பரோடு தாளில் எழுதி அனுப்பு. மறந்ததை மறந்தது என்று எழுது, குத்துமதிப்பாக எழுதாதே. வேறு ப்ரோகிராம் பெயர் எதையும் என்னிடம் சொல்லாதே.

போன வாரம் வண்ணாரப்பேட்டையில் உன் அம்மாவைப் பார்த்தேன். மருமகள் தஸ்னீமுக்கு ஏழாம் மாசமாம். நீ எனக்குச் சொல்லவில்லை. அதையும் நான் வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

கைகால் நேராக, நல்லபடியாகக் குழந்தை பிறக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் பண்ணினேன். உன்மேல் இருந்த கோபத்தோடேதான் பண்ணினேன். கர்த்தர் அந்தக் கோபத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
சாலமோன்