அம்மா கைக்கு மறுபடி ஆபரேஷன்

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்லேர்ந்து சகாயசெல்வி. நான் சௌக்கியம். உப்பளத்துல கால் வெடிப்புக்கு நான் அனுப்பின களிம்பைப் போடறீங்களா?

போன வாரம் எங்க ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல, அம்மா மாதிரியே நரம்பு வலிக்காரம்மா ஒருத்தங்களுக்கு ரெண்டாவது ஆபரேஷன். துணி பட்டாலே கை எரியுமாம். அப்புறம் வலி கூடிடக் கூடாதுன்னு, கையை மரத்துப்போக வச்சிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க.

அம்மாவுக்கு இப்ப நடக்கப்போற ஆபரேஷன்லயும் அப்படிச் செய்ய முடியுமான்னு மயக்க மருந்து டாக்டர்கிட்ட கேளுங்க. பழைய ஃபைலைக் காட்டுங்க. அந்தக் கையில குளுக்கோஸ் ஊசி வேணாம்னு சொல்லுங்க. அம்மாவைக் கேட்டா "வலி இல்லீங்க"ன்னுதான் சொல்லும், நீங்கதான் பேசணும்ப்பா.

முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா வலியில துடிச்சப்போ, "உப்பு வார சோம்பேறித்தனம், நடிக்கிறா"ன்னு சொன்னீங்க. அதுலேர்ந்து அது வாயே திறக்கல.

டியூட்டி வண்டி வந்துடுச்சு. நீங்க அப்படிச் சொன்ன அன்னைக்கு, நர்ஸுக்குப் படிச்ச நானும் சிரிச்சேன்ப்பா.

செல்வி