போன வருடத்து மருந்தும் உன் குரலும்

இதோ, தெருமுனையில் ஆட்டோ திரும்புகிறது. ஒலிபெருக்கியில் நீ தொண்டையைச் செருமுகிறாய். தை மாதம் உன்னைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தவன் நான். ஆனாலும் அந்தச் செருமலைக் கேட்டதும் எழுதுகிற கை நின்றுவிடுகிறது. இந்தக் குரலால் இந்தப் புரட்டாசியில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். குறுக்கே பேசாமல் கேள்.

குறுக்கே பேசுவதுதானே உன் வேலை. மைக் செட் வைத்திருப்பவனுக்கு ஊரே காது என்ற நினைப்பு. நம் விவசாயிகள் குழுவுக்குப் பருவம்தோறும் வரும் ஆலோசனையை நான் நாலு வரியில் எழுதித் தருவேன். மக்காச்சோளத்தில் படைப்புழுவா, சின்ன வெங்காயத்தில் திருகல் நோயா, எப்போது என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். நீ பதிவு செய்யும்போது அது கால் மணி நேரப் பேச்சாகிவிடும். "பெருமக்களே, டீ கிளாஸைக் கொஞ்சம் கீழ வையுங்க. சட்னிய அப்பறம் தொட்டுக்கலாம்" என்று ஆரம்பிப்பாய். வடக்குத் தெருவில் யார் வயலில் களை மண்டிக் கிடக்கிறது என்பதுவரை ஊரறியச் சொல்லி எனக்குச் சண்டை வாங்கித் தந்திருக்கிறாய்.

ஊருக்கெல்லாம் மருந்து சொன்ன உன் சோளம் மட்டும் இலையெல்லாம் சல்லடையாக நிற்கும். மருந்தடிக்க வேண்டிய வாரம் பார்த்துப் பாடாலூரில் ஏதாவது கட்சிக் கூட்டம் வரும். நீ செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். கேட்டால், "தலைவர் பேச்சக் கேட்டா புழுவே ஓடிடும் மாப்ள" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீ இல்லாத முதல் புரட்டாசி இது. இந்த வருடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, போன வருடம் அடித்த மருந்தையே மறுபடியும் அடிக்காதீர்கள் என்பது. புழு அதற்குப் பழகிவிட்டது. மருந்தை மாற்றி, சாயங்காலமாக, குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். கடையில் சொன்னார்கள் என்று இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்கக் கூடாது. நானே பேசிப் பதிவு செய்து, ஆட்டோ ஓட்டும் செல்வத்திடம் கொடுத்தேன். இரண்டு நாள் ஊர் ஊராகப் போட்டான். ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டுமே. அரியலூர் சிமெண்ட் லாரி போகிற சத்தம் போல நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள்.

மறுநாள் வயலிலிருந்து திரும்பும்போது ரோட்டில் உன் குரல். செல்வம் போன வருடத்துப் பதிவைத் தேடியெடுத்துப் போட்டிருக்கிறான். நீ அந்தப் பழைய மருந்தின் பெயரை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன்.

"நீங்க பேசுனா யாரும் நிக்க மாட்டேங்குறாங்கண்ணே. அவரு குரல்னா வூட்ட விட்டு வெளிய வராங்க" என்றான், ஏதோ நல்லது செய்தவன் போல.

அதற்குள் கீழத்தெரு அஞ்சலையக்கா பழைய மருந்தை வாங்கி வந்துவிட்டார். அக்காவுடையது குத்தகை நிலம். அந்தச் சோளம் போனால் அடுத்த பருவத்துக்கு நிலம் கையில் இருக்காது என்பது உனக்கே தெரியும். குருத்தில் புழு இறங்கியாகிவிட்டது, இந்த மருந்துக்கு அது சாகாது, மாற்றிக்கொண்டு வாங்க என்று கெஞ்சினேன். அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவரு வந்து பொய் சொல்லுவாரா தம்பி?"

அவர் சொன்னது பொய் இல்லை, போன வருடத்துக்குச் சரி என்றேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இருக்கும்போதும் என் பேச்சை எடுபட விடவில்லை, போன பிறகும் விட மாட்டேன் என்கிறாய். செல்வத்துக்குப் போன் போட்டு, நீ பேசிய பதிவு எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னேன். அவன் சரிண்ணே என்றான். உடனே, இருடா, அழித்துவிடாதே என்று கத்தியவனும் நான்தான்.

விடிந்ததும் ஆட்டோவிலேயே உட்கார்ந்து அவன் செல்போனில் உன் பேச்சை வெட்டினோம். செருமல், டீ கிளாஸ், சட்னி வரைக்கும் நீ. "இப்ப நம்ம சோளத்துக்கு வருவோம்" என்கிறாயே, அந்த இடத்தில் உன்னை நிறுத்தினோம். அதற்குப் பிறகு நான். என் நாலு வரி.

அன்று மத்தியானமே அஞ்சலையக்கா ஆட்டோவை நிறுத்தி, பிரிக்காத டப்பாவைக் கடையில் மாற்றி வரச் சொல்லிச் செல்வத்திடம் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், நேற்று நான் சொன்னபோது கேட்கவில்லையே என்றேன்.

"அவரே தம்பியப் பேச வுட்டுட்டாரு. அப்பறம் நான் என்ன சொல்றது" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என்னை முழுசாகப் பேசவிடாதவன் நீ. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. நேற்று அக்கா வயலுக்குப் போய்ப் பார்த்தேன். புதிதாக விரிந்த இலைகளில் ஓட்டை இல்லை.

கார்த்திகையில் வெங்காயத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் நீதான் செருமப் போகிறாய். இப்போது ஆட்டோ என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைக்கச் சொல்கிறாய். சொல்லி முடி. நான் காத்திருக்கிறேன்.