தோல் நனையக் கூடாது

செம்பூரில் நேற்றிலிருந்து விடாத மழை. இன்று காலை அலமாரியைத் திறந்ததும் ஈரத்தோலின் வாடை முகத்தில் அடித்தது. சுவரில் ஓதம் ஏறி, எனக்கென்று நீர் தைத்துக் கொடுத்த கையுறையில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்துவிட்டு உமக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீர் போய் இது இரண்டாவது மழைக்காலம்.

பம்பாயில், மாட்டுங்காவில் வளர்ந்த நான் உம்மை 'ஓய்' என்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல்பைப் பட்டறை போட்ட நீர் என்னை 'வே' என்பீர். இருவருக்கும் ஒரே வயது. செம்பூர் நீச்சல் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது ஏற்பட்ட பழக்கம் அது. பிறகு ஞாயிறு விடியலில் அணுசக்தி நகர் வழியாக வாஷி பாலம் வரை சைக்கிள், திரும்பி வந்து மாட்டுங்காவின் பூங்காக்களைச் சுற்றி ஓட்டம். அணுசக்தி நகர் ஊழியர் பஸ் ஏதாவது நம்மைத் தாண்டினால் போதும், அதைத் துரத்துவீர். பஸ் நிறுத்தத்தில் நின்றதும் ஜன்னலோரம் இருப்பவரிடம், "ஜெயிச்சாச்சு" என்று கைகாட்டிவிட்டுப் போவீர். அவருக்கு எதுவும் புரியாது.

அந்த மலை ஏரிப் போட்டியைக் கண்டுபிடித்ததும் நீர்தான். ஏரியில் நீச்சல், மலைப்பாதையில் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்று முடிந்ததும் அடுத்தது. சைக்கிளில் குறித்த நேரத்துக்குள் வராதவர்களை அடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை நீர் தனியாகப் போனீர். டயர் பஞ்சராகி, நீர் வந்து சேர்ந்தபோது கயிறு கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடம் உம்முடைய சந்தில் நீர் டீ குடிக்கப் போனபோதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "பாய், கயித்த அவுத்துட்டானா?" நீரும் சிரிப்பீர். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவீர். அடுத்த வருடம் நானும் உம்மோடு பெயர் கொடுத்தது அந்தப் பாதி டீயைப் பார்த்துத்தான்.

குளிர் இருக்கும், மழையும் வரலாம் என்று போட்டி நடத்துபவர்கள் முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தார்கள். பட்டறையில் வைத்து அதை உமக்கு வாசித்துக் காட்டினேன்.

"மழைய எனக்குச் சொல்லித் தாராவளா? சூன் மாசம் எங்க தெருவுல வந்து நிக்கச் சொல்லும்வே" என்றீர். குளிருக்கு மட்டும் ஏற்பாடு செய்தீர். இரண்டு ஜோடி தோல் கையுறை.

"ஓய், நனைஞ்சா?"

"எண்ணெ போட்ட தோலு. சொட்டு எறங்காது. கையக் காட்டும்."

அளவு எடுத்துக்கொண்டிருந்தபோதே வெளியே தூறல் விழுந்தது. நீர் தலையைத் திருப்பி, வெட்டிய தோலோடு சந்தில் போய்க்கொண்டிருந்த பட்டறை ஆளைப் பார்த்துக் கத்தினீர்: "ஏலே, தோலு நனையுதுல்லா! கவருக்குள்ள போட்டுக் கொண்டு போ!" மழைக்காலம் முழுக்க அந்தப் பட்டறையில் கேட்கும் சத்தம் அது. வெட்டிய தோலை பிளாஸ்டிக் பைக்குள் போடாமல் யாரும் சந்தில் இறங்கக் கூடாது. கத்திவிட்டுத் திரும்பி, என் சுண்டுவிரலை அளந்தீர். நம் இருவருக்குமே எதுவும் உறைக்கவில்லை.

போட்டியன்று காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏரி பழுப்பாகக் கிடந்தது. மழை ஊசியாகக் குத்தியது. பம்பாய் மழை வெதுவெதுப்பானது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. வாடகைக்கு எடுத்த ரப்பர் உடையில் உமக்கு வயிறு பிதுங்கியது. "நண்டு மாதிரி இருக்கேனா?" என்று கேட்டீர். பதில் சொல்வதற்குள் ஊதல் ஒலித்தது. தண்ணீரில் முகம் வைத்ததும் மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. பிறகு கைகள் தாமாகவே நீந்த ஆரம்பித்தன. முன்னால் உம்முடைய மஞ்சள் தொப்பி ஏறி இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, தண்ணீரும் குடித்தேன்.

சைக்கிளில் நீர் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர். கடைசி ஏற்றத்தின் உச்சியில், ரொட்டியும் வாழைப்பழமும் கொடுக்கும் கூடாரத்தின் அருகே உம்மைப் பார்த்தேன். சைக்கிளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தீர். எனக்கும் அதே நிலைதான். தோல் ஊறி, கனத்து, ஐஸ் மாதிரி விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியலவே. இது என் கைதானான்னும் தெரியல."

கீழே பதினைந்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. பிரேக் பிடிக்க முடியாமல் இறங்கினால் பள்ளத்தில் போய் விழ வேண்டியதுதான். கை சூடாகும் வரை கூடாரத்தில் நின்றால் அடிவாரத்தில் கயிறு.

ஒருவழியாக இருவருக்கும் கையுறை கழன்று வந்துவிட்டது. சாயம் இறங்கி உம் விரல்கள் கன்னங்கரேலென்று இருந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். பிறகு, பட்டறையில் கத்தும் அதே குரலில், உம்மைப் பார்த்து நீரே கத்தினீர்: "மழைல தோல நனைச்சவன் எவம்ல?"

கூடாரத்திலிருந்த பையன்கள் பயந்துவிட்டார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீரும் சிரித்துக்கொண்டே, ரொட்டி காலியான பிளாஸ்டிக் பைகளைக் காட்டி இந்தியில், "பய்யா, சார் தைலி தேதோ" என்றீர். கேட்ட நான்கு பைகளும் கிடைத்தன. கைகளை அக்குளில் வைத்துத் தேய்த்துவிட்டு, உள்ளே மூச்சை ஊதி, ஆளுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டோம். நனைந்த கையுறைகளை முதுகுப் பையில் செருகினீர்.

"ஏறும்வே. மொத ஆளா எல்லாம் வேண்டாம். வண்டி வேகம் எடுக்கறதுக்குள்ள தொத்திட்டாப் போதும்."

குர்லாவில் நகர ஆரம்பித்த லோக்கல் ரயிலில் தொற்றுவது போலத்தான் கிளம்பினீர். அந்த இறக்கத்தை என்னால் இன்னும் விவரிக்க முடியவில்லை. காதில் பைகள் படபடக்கும் சத்தம். ஒவ்வொரு வளைவிலும் விரல் மடங்கியது, பிரேக் பிடித்தது. முன்னால் நீர் "ஹோய்" என்று ஓலமிட்டுக்கொண்டே போனீர். அடிவாரத்தில் சாலையின் ஒரு பக்கம் கயிற்றின் நுனியைக் கட்டி முடித்து, மறுமுனையைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடக்க நின்றிருந்தான் ஒருவன். நீர் இரண்டு கைகளையும், பைகளோடு, மேலே தூக்கினீர். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். நீர் அவனைத் தாண்டினீர். பின்னாலேயே நான்.

ஓட்டம் முழுக்க மழை விடவில்லை. ஆனால் ஓட்டத்தில் எதுவும் வலித்ததாக எனக்கு நினைவில்லை. முடிவுக் கோட்டில் எடுத்த படத்தில் உம் கைகள் கறுப்பாகவே இருக்கின்றன. ஊருக்குத் திரும்பியதும் சந்தில் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனீர். எவனோ வாயைத் திறப்பதற்குள், "கயித்த அவன் கையிலயே விட்டுட்டு வந்துட்டேன்ல" என்றீர். அன்று டீயை முழுக்கக் குடித்துவிட்டு, இன்னொரு டீயும் சொன்னீர்.

அடுத்த வருடமும் போவதாகப் பேசி வைத்திருந்தோம். ஒரு காய்ச்சல் என்று படுத்தீர், எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் நான் பெயர் கொடுத்திருக்கிறேன் ஓய். குளிர், மழை என்று அதே தகவல் வந்திருக்கிறது. வாசித்ததும் கால்கள் பரபரக்கின்றன. சட்டையின் முதுகுப் பையில் இரண்டு ரொட்டிப் பைகளை இப்போதே மடித்து வைத்துவிட்டேன்.

கையுறை காய்ந்துவிட்டது. அதை நான் எடுத்துப் போகப் போவதில்லை. ஒரு கவருக்குள் போட்டு, சுவரில் படாமல் மேல்தட்டில் வைக்கிறேன். தோல் நனையக் கூடாது.