பௌர்ணமி வசூலும் செவ்வாய்த் தவணையும்

அன்புள்ள மாறன் அண்ணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஓவியா எழுதுவது. அம்மா சொல்வதையும் நான் பார்த்ததையும் ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன். எல்லோரும் நலம் என்று போடச் சொன்னாள். உடம்பு மட்டும் நலம் என்று போட்டிருக்கிறேன். ஷார்ஜா வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, சோறு பொங்குகிறாயா, ரொட்டியிலேயே ஓட்டுகிறாயா என்று கேட்கிறாள்.

போனை எடுப்பதில்லை என்று கோபப்படாதே. தவணைக்காரர்கள் விடாமல் கூப்பிடுவதால் அணைத்தே வைத்திருக்கிறோம். நடந்தது இதுதான். மகளிர் குழுவில் இருந்த தேவிப்ரியா அக்காவுக்குப் பழைய பாக்கி இருந்ததால் புதுக்கடன் கிடைக்கவில்லை. அம்மா தன் பேரில் எடுத்து அப்படியே அவளிடம் கொடுத்தாள். சில மாதம் ஒழுங்காகக் கட்டியவள் வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூரு போய்விட்டாள். அந்தத் தவணையைக் கட்ட அம்மா வேறொரு கம்பெனியில் இன்னொரு கடன் வாங்கினாள். கிரிவலப் பாதையில் நம் ஜூஸ் வண்டிக்குப் பணம் வருவது பௌர்ணமிக்குத்தான், தவணையோ செவ்வாய்க்குச் செவ்வாய். ஒருத்தி கட்டாவிட்டால், அந்தப் பணம் வரும்வரை குழுவில் மற்றவர்களும் வசூல் கூட்டத்திலிருந்து எழுந்து போக முடியாது. போன வாரம் அத்தனை பேரும் நம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உன் புள்ள துபாய்ல சம்பாரிக்கிறான், நாங்க அடுப்பு பத்தவைக்காம இங்க உக்காந்துனு இருக்கோம்னு இருசப்பன் மாமா வீட்டு அத்தை கத்தினாள். தவணைக்காரன், பாக்கிய மூட புதுசா ஒரு லோன் போட்டுக்கங்கக்கா என்று ஃபாரத்தை நீட்டினான். அம்மா பேனாவைக் கையில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். உடனே அவன் என்னைப் பார்த்து, பொண்ணு பெருசாயிட்டாளே, பனியன் கம்பெனிக்கு அனுப்பினா சீக்கிரம் அடைச்சிடலாமே என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லை.

இனி பௌர்ணமி வசூலில் எலுமிச்சைக்கும் ஐஸுக்கும் போக மீதியை அன்றைக்கே நான்கு முடிச்சாக முடிந்துவைத்து, வாரம் ஒன்றுதான் அவிழ்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நீ அனுப்புவதில் அரிசி, கரண்டு போக மிச்சம் இரண்டாவதாக வாங்கிய சின்னக் கடனுக்கு. அது தீர்ந்ததும் அந்தத் தொகையும் குழுவில் எடுத்த பெரிய கடனுக்குப் போகும். கேபிளை நிறுத்தியாயிற்று. அப்பா அறுவடை மிஷினோடு கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார், அவர் கூலியும் இதற்குத்தான். ஆனால் போன் ஆப்பில் கடன் எடுத்து அனுப்புகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. கடன் வாங்கிக் கடன அடைக்கிற புத்தி என்னோட போவட்டும்னு எழுது என்கிறாள். வழக்கமாக அனுப்புவதை மட்டும் அனுப்பு அண்ணா.

இன்று செவ்வாய். முடிச்சில் இருப்பது தவணையில் பாதிதான். முன்பெல்லாம் தவணைக்காரன் பைக் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்போம். இனிமே ஒளிய மாட்டேன், வாசல்ல நின்னு இவ்ளோதான் முடியும்னு சொல்லிப் பாக்கறேன் என்கிறாள் அம்மா. சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். அதை எழுதாதே என்றாள்.

அண்ணாமலையார் உனக்குத் துணையிருப்பார். வேளைக்குச் சாப்பிடு. ஆப் கடன் வேண்டாம், மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
திரௌபதி
(எழுதியவள் ஓவியா)

பின்குறிப்பு: பைக் நம் தெருவில் திரும்பிவிட்டது. அம்மா முடிச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். நான் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியக் கூடாதாம். வாசல் விளக்கை அவளே போட்டாள். உள்ளே எரிந்த விளக்குகளை நான் அணைத்துவிட்டேன்.